திருமலை நாயக்கர் மகாலிற் கோடைச் சொற்பொழிவுகள்

சென்ற கோடை விடுமுறையில் நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கென்று மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் யாம் நிகழ்த்திய சரித்திரப் பேச்சுகளின் சாரத்தை இவ்விதழில் எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். சொற்பொழிவு என்று சொல்லுவதே சற்று மிகை. மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, தலைமையுரையும் வந்தனோபசாரமும் இல்லை. காலை வேளையில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே சென்று, முற்றத்தின் மேற்குப் பக்கத்து நிழலில் அமர்ந்து, வெயில் எம்மிடம் வந்து சேரும்வரை பேசினோம். முதல் ஞாயிறு பதினான்கு பிள்ளைகளும், கடைசி ஞாயிறு ஏறக்குறைய நாற்பது பேரும், அவர்களோடு பெரியவர் சிலரும் வந்திருந்தனர்.

இதற்குக் காரணமாயிருந்தது ஒரு சிறுமியின் வினா. மகாலில் பல்லாண்டுகளாக மாலைதோறும் ஒலி-ஒளிக் காட்சி நடந்துவந்ததை அன்பர்கள் அறிவார்கள். அதில் நாயக்கர் கதையோடு கோவலன் கண்ணகி கதையும் சொல்லப்படும். தூண்களின்மேற் சிவப்பு விளக்குப் பாய, மதுரை எரியும். சில ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருந்தபோது, காட்சி முடிந்து வெளியே வருகையில் ஒருத்தி எம் மேல்துண்டைப் பற்றி, “ஐயா, கண்ணகி சிலம்பை உடைத்தது எந்தத் தூணடியில்?” என்று கேட்டாள்.

யாம் இருபதாண்டுகளாகச் சிலப்பதிகாரம் பாடஞ் சொல்லி வருகிறோம். அந்நூலின்மேல் எமக்குள்ள பற்று யார்க்கும் குறைந்ததன்று. ஆயினும் அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. பாண்டியன் அவைக்கும் இம்மாளிகைக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. ஒரு வீட்டினுள் நின்றுகொண்டு வேறொரு வீட்டின் கதையைக் கேட்ட பிள்ளைக்கு, தான் நின்ற வீட்டுக்கென்று ஒரு கதை உண்டென்பதே தெரியாமற் போயிற்று. அதை அவ்வீட்டினுள்ளேயே சொல்லவேண்டும் என்று அன்று எண்ணினோம். எண்ணியதை முடிக்கச் சில கோடைகள் கழிந்தன.

முதல் ஞாயிறு, கட்டியவரைப் பற்றிப் பேசினோம். திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். அவர் பட்டத்துக்கு வந்தபோது தலைநகர் திருச்சிராப்பள்ளியாக இருந்தது. அதை மதுரைக்கு மீட்டுக்கொண்டு வந்தவர் அவரே. நெடுநாளாகத் தம்மை வருத்திய சளிநோய், வரும் வழியில் திண்டுக்கல்லில் இறையருளால் நீங்கியதென்றும், அந்நன்றியினால் மதுரையிலேயே தங்கித் திருப்பணி செய்வதாக வேண்டிக்கொண்டார் என்றும் ஒரு வழக்கு உண்டு. மாளிகை 1636-ஐ ஒட்டி எழுந்தது. சுவர்க்க விலாசம், ரங்க விலாசம் என இருபெரும் பகுதிகள். முன்னது அரசர்க்கு, பின்னது இளையவர்க்கு. இன்று நாம் காண்பது சுவர்க்க விலாசமும் நாடகசாலையும் மட்டுமே. முன்பிருந்ததில் இது நான்கிலொரு பங்கு என்பர். அப்பங்கிலேயே 248 தூண்கள். பிள்ளைகள் நால்வர் கைகோத்து ஒரு தூணைச் சுற்றிப் பார்த்தார்கள். செங்கல்லும் சுண்ணச் சாந்தும் கொண்டு எழுப்பிய வளைவுகளுக்கு முட்டை வெண்கரு கலந்த மெழுகு பூசி மெருகேற்றினார்கள் என்றபோது, “எத்தனை முட்டை?” என்று ஒருவன் கேட்டான். அதற்கு யாம் விடை சொல்லவில்லை. செங்கல்லுக்கு மண் எடுத்த இடமே வண்டியூர்த் தெப்பக்குளம் ஆயிற்று என்றும், அங்கே தோண்டும்போது கிடைத்தவரே கோயிலில் வீற்றிருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் மதுரைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை; அவர்களே எமக்குச் சொன்னார்கள்.

சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம் அது. மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருமணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தவரும் இவரே என்று சொல்லுவர் என்றோம். பத்து நாட்களாக விழாக் கூட்டத்தில் நசுங்கி வந்த பிள்ளைகள் அப்பொழுதுதான் திருமலை நாயக்கரைத் தமக்கு உறவினர்போல் நிமிர்ந்து பார்த்தார்கள். குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை இவர் முன்னிலையில் அரங்கேற்றிய வரலாற்றைச் சொன்னோம். ஆனால் அவர்கள் மிகவும் விரும்பியது கள்வன் கதையைத்தான். மாளிகையின் மேற்கூரையைத் துளைத்து இறங்கி அரசரின் அணிகலன்களைக் கவர்ந்து போனான் ஒருவன். அணிகலன்களைத் திருப்பித் தந்தால் நிலம் மானியமாகத் தருவதாக அரசர் பறையறைவித்தார். அவன் வந்தான், மானியத்தைப் பெற்றான், உடனே தலையையும் இழந்தான். சொன்ன சொல்லையும் காத்தார், செங்கோலையும் காத்தார் என்று இதைச் சொல்லுவோர் வியந்து முடிப்பர். பிள்ளைகள் வியக்கவில்லை. “அது ஏமாற்று ஐயா” என்றார்கள். எமக்கும் அப்படியே படுகிறது.

அன்று பேச்சு முடிந்தபின்தான் அந்தப் பெரியவர் எழுந்தார். எழுபதைக் கடந்தவர், நம் சங்கத்தில் நெடுங்கால உறுப்பினர், பெயர் வேண்டா. கையில் பழுப்பேறிய சிறு புத்தகம் ஒன்று வைத்திருந்தார். அவர் பாட்டனார் காலத்தில் அச்சிட்டதாம். “தம்பி, இந்த மகாலுக்குத் திட்டம் போட்டுக் கட்டியவர் நம்மவர். அதற்காக நாயக்கர் செப்பேடு கொடுத்தார். இதிலே அச்சிட்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் ஊர்க் கதையெல்லாம் சொல்லுகிறீரே!” என்றார்.

யாம் அப்புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். செப்பேடு உண்டு என்று எழுதியிருந்தது. செப்பேட்டின் வாசகம் இல்லை, ஆண்டு இல்லை, அதைப் படித்தவர் பெயர் இல்லை. “செப்பேடு இப்போது எங்கே ஐயா?” என்று கேட்டோம். “பழைய வீட்டில் இருந்தது. பாகப்பிரிவினையில் எவன் எடுத்தானோ!” என்றார். “கையில் இல்லாத செப்பேட்டைப் பிள்ளைகளுக்கு யாம் எப்படிக் காட்டுவது?” என்றோம். அவர் முகம் சுருங்கிற்று. சங்கத்தில் சம்பளமின்றி வேலை பார்க்கும் பண்டிதனுக்குச் சங்கத்தின் பெருமையில் நம்பிக்கை இல்லை என்று வெளியே நின்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை செயலாளரும் தொலைபேசியில் அழைத்து, “ஒரு வரி சேர்த்துக்கொண்டால் என்ன?” என்று மெல்லக் கேட்டார். அன்பர்கள் எம்மைப் பொறுத்தருள்க; அவ்வொரு வரியை எம்மாற் சேர்க்க இயலவில்லை. கண்ணகியை இம்மாளிகையினின்று வெளியே அனுப்புவதற்காகவே தொடங்கிய பேச்சில், நம் குலத்தவரை மட்டும் சான்றின்றி உள்ளே விட்டால், அந்தச் சிறுமிக்கு யாம் என்ன மறுமொழி சொல்லுவோம்?

இரண்டாம் ஞாயிற்றுக்கு அந்தப் பெரியவர் வரவில்லை. அன்று பேசியது மாளிகை இடிந்த கதை.

மகாலின் முக்காற் பங்கை அழித்தவர் யார் என்று முதலிலேயே பிள்ளைகளிடம் கேட்டோம். மாலிக்காபூர் என்றான் ஒருவன். அவன் மாளிகை எழுவதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னே வந்துபோனவன். வெள்ளைக்காரர் என்றனர் பலர். மைசூர்ப் படை என்றாள் ஒருத்தி. அவள் மட்டும் சற்று அருகில் வந்தாள், திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில் மைசூரார் படையெடுத்தது உண்மையே. ஆனால் விடை வேறு. அழித்தவர் அவருடைய பேரர் சொக்கநாத நாயக்கர்.

திருமலை நாயக்கர் 1659-இல் மறைந்தார். அவர் மகன் முத்துவீரப்பர் சில திங்களே ஆண்டு மறைய, அதே ஆண்டில் சொக்கநாதர் பட்டமெய்தினார். 1665-ஐ ஒட்டித் தலைநகரை மீண்டும் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு சென்றார். தஞ்சையோடும் மைசூரோடும் ஓயாத போர் நடந்த காலத்தில் மலைக்கோட்டையின் அரண் அவருக்கு வேண்டியிருந்தது; அதில் நாம் குறை காணவேண்டியதில்லை. ஆனால் அங்கே அரண்மனை எழுப்பக் கல்லுக்கும் மரத்துக்கும் அலையாமல், பாட்டனார் மாளிகையைப் பெயர்த்தார். எண்பது மைலுக்கு மேற்பட்ட வழி. மதுரையில் ஒரு தலைமுறைக்கு முன் ஏற்றி நிறுத்தியவை மறு தலைமுறையில் இறக்கப்பட்டு வடக்கே போயின.

போய் என்ன ஆயிற்று? திருச்சிராப்பள்ளியில் மலைக்கோட்டையின் அருகே ஒரு மண்டபம் இன்றும் நிற்கிறது. அரசு அருங்காட்சியகம் அதில் இருக்கிறது. நல்ல மண்டபந்தான். ஆயினும் மதுரையில் நிற்கும் மிச்சத்துக்கு முன்னே அது சிறிது. அதை ஊரார் ராணி மங்கம்மாள் மகால் என்றே அழைக்கின்றனர். மங்கம்மாள், சொக்கநாதரின் தேவியார். 1689 முதல் 1706 வரை பேரனுக்காக நாட்டை ஆண்ட பேரரசி. சாலையும் சத்திரமும் அமைத்துப் புகழ்பெற்றவர். ஆக, மதுரை மாளிகை பாட்டனார் பெயரால் நிற்கிறது; திருச்சி மாளிகை மனைவியார் பெயரால் நிற்கிறது; இடித்தும் கட்டியும் உழைத்தவர் பெயர் இரண்டிலும் இல்லை.

எஞ்சியது ஏன் எஞ்சிற்று என்பதைப் பற்றி எமக்கு ஒரு கருத்து உண்டு. இது எம் கருத்தே என்று பிள்ளைகளிடமும் சொன்னோம். மரத்தைக் கழற்றலாம், கல்லைச் சுமக்கலாம், செங்கல்லும் சுண்ணமுமாகிய வளைவை இடித்தால் கையில் மிஞ்சுவது புழுதியே. சுவர்க்க விலாசத்தின் குவிமாடம் தப்பியதற்கு, அதைக் கொண்டுபோய்ப் பயனில்லை என்பதே காரணமாயிருக்கலாம். “அப்படியென்றால் விலைபோகாததால் பிழைத்தது!” என்றான் முட்டைக் கணக்குக் கேட்ட பையன்.

மூன்றாம் ஞாயிறு உட்காரவில்லை. கடைகள் திறக்குமுன் நடந்தோம். மாளிகையின் பழைய எல்லையைக் காணவேண்டுமானால் அதற்குள் இருந்து காணமுடியாது, தெருக்களில் தேடவேண்டும். நவபத்கானாத் தெரு என்ற பெயரை நாள்தோறும் சொல்லுகிறோம்; நவபத்கானா என்பது அரண்மனை முரசும் இசையும் முழங்கிய இடம். பெயர் நிற்கிறது, ஓசை இல்லை. அதன் பக்கத்தில் பத்துத்தூண் சந்து. புடைவைக் கடைகளின் பலகைக்கும் மின்கம்பிக்கும் நடுவே பத்துப் பெருந்தூண்கள், மேலே கூரையின்றி, எதையும் தாங்காமல் நிற்கின்றன. நம் சங்கத்துக் குடும்பங்களில் அங்கே கலியாணச் சேலை எடுக்காத குடும்பம் அரிது. பேரம் பேசிய களைப்பில் அத்தூணிற் சாய்ந்து நின்றவர்களும் பலர். அவை யானை கட்டிய தூண்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இல்லை, அவை மாளிகையின் ஒரு மண்டபத்தைத் தாங்கியவை. அங்கிருந்து திரும்பி மகாலைப் பார்த்தால் இடையே எத்தனை வீடுகள், எத்தனை கடைகள்! அத்தனையும் ஒரு காலத்தில் ஒரே வீட்டின் உட்புறம் என்று சொன்னபோது பிள்ளைகள் வாய் திறக்கவில்லை.

அருகேதான் விளக்குத்தூண். அது பிளாக்பர்ன் என்ற கலெக்டரின் நினைவாக நிறுத்தியது. அவர் 1834 முதல் 1847 வரை மதுரையில் இருந்தவர். நாயக்கர் காலத்துக் கோட்டை மதிலுக்குள் நகரம் மூச்சுத் திணறிக் கிடந்தது. அகழியில் நீர் தேங்கிக் காய்ச்சல் பரவிற்று. மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்க்கு அந்நிலம் உரியது என்று அவர் அறிவித்தார். மக்களே இடித்தார்கள். மதில் இருந்த இடத்திலும் அகழி இருந்த இடத்திலும் புதுத் தெருக்கள் எழுந்தன. அவற்றில் வெளி வீதி ஊருக்குத் தெரிந்தது. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அவ்வேலையை நடத்தியவர் இருவர் பெயரால் அமைந்தவை என்பது பலர்க்குத் தெரியாது. ஒருவர் நில அளவைக்காரர், மற்றவர் மேஸ்திரி. மதில் எழுப்பிய கொத்தர் ஒருவர் பெயரும் தெருவுக்கு இல்லை. இடித்த மேஸ்திரிக்கு உண்டு. ஆயினும் பெருமாள் மேஸ்திரியை நாம் பழிக்கலாகாது. அகழி கிடந்திருந்தால் நம் முன்னோர் பலர் காய்ச்சலில் மாண்டிருப்பர்.

நான்காம் ஞாயிறு மழை தூறியதால் பேச்சைச் சுருக்கினோம். 1792-இல் தானியேல் என்னும் பெயருடைய ஆங்கில ஓவியர் இருவர், சிற்றப்பனும் அண்ணன் மகனும், மதுரைக்கு வந்து சிதைந்த மாளிகையை வரைந்தார்கள். 1858-இல் டிரைப் என்ற படைத்தலைவர் ஒளிப்படம் எடுத்தார். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு பொருள் ஒதுக்கிப் பழுது பார்ப்பித்தார். சிஷோம் என்னும் கட்டடக் கலைஞர் அப்பணியில் ஈடுபட்டார். வீடற்ற வீட்டுக்கு அதன்பின் ஒரு வேலையும் கிடைத்தது. மாவட்ட நீதிமன்றம் அங்கே அமர்ந்தது. 1970 வரை அங்கேயே இருந்தது. இதைச் சொல்லி முடிக்கும்போது கதவோரத்தில் அந்தப் பெரியவர் நிற்பதைக் கண்டோம். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கூட்டம் கலைந்தபின் அருகில் வந்து, “கோர்ட்டு இங்கே இருந்தது என்று சொன்னீரே, எந்தப் பக்கம் என்று சொல்லவில்லையே” என்றார். தெரியுமானால் அவரே சொல்லலாம் என்றோம். “எனக்குத் தெரியும்” என்றார்.

ஐந்தாம் ஞாயிறு அவரே பேசினார். யாம் பிள்ளைகளோடு கீழே அமர்ந்திருந்தோம்.

அவருடைய தந்தையாரும் சிற்றப்பன்மார் மூவரும் பழைய வீட்டுக்காக வழக்காடினார்கள். அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. அண்ணன்மார் இல்லாமையால், பத்திரப் பையைச் சுமக்கத் தந்தையார் அவரையே அழைத்து வருவார். பள்ளிக்கூடம் போகாமல் இம்முற்றத்தில் எத்தனை நாள் இருந்தார் என்பதற்குக் கணக்கில்லை. டவாலி போட்ட சேவகர் வெளியே வந்து கட்சிக்காரர் பெயரை மூன்று முறை கூவுவார். மூன்றாவது கூவல் மேலே வளைவிற் பட்டுத் திரும்பி வரும். அப்போது புறாக்கள் எல்லாம் ஒருசேர எழும். தந்தையார் ஒரு தூணடியிலும் சிற்றப்பன்மார் எதிர்த் தூணடியிலும் அமர்வர், பேசமாட்டார்கள். பையன் மட்டும் இரு பக்கமும் போய்வருவான். வெயில் மிகுந்தபோது சிற்றப்பன் ஒருவர் அவனை அழைத்து நீர்மோர் வாங்கித் தருவார். தந்தையார் அதைக் கண்டும் காணாதவர்போல் இருப்பார். வழக்கு ஆறாண்டு நடந்தது. தீர்ப்பில் வீடு நான்காயிற்று. முற்றத்தின் நடுவே குறுக்குச் சுவர் எழுந்தது. கூடத்துத் தேக்குத் தூண்களைப் பங்கிட முடியாமையால், மரக்கடைக்காரருக்கு விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொண்டார்கள். வழக்குச் செலவு போகத் தந்தையார் கைக்கு வந்தது பத்திரப் பையின் விலைகூட இல்லை என்று அவர் சொன்னபோது சிரித்தார். மற்றவர் யாரும் சிரிக்கவில்லை.

“செப்பேடு அந்த வீட்டில் இருந்ததா, தாத்தா?” என்று கண்ணகித் தூணைக் கேட்ட அதே சிறுமி கேட்டாள், இப்போது மேல்வகுப்பில் படிக்கிறாள். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இருந்தது என்று என் அப்பா சொல்லுவார். நான் பார்த்ததில்லை, தாயே” என்றார். எம்மிடம் அவர் சொல்லாத சொல் அது.

அதன்பின் எழுந்து, பிள்ளைகள் பின்தொடர, முற்றத்தின் தென்புறத் தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஒரு தூணடியில் நின்றார். காத்திருந்த நாட்களில் ஒருநாள் ஓர் ஆணியால் அங்கே தம் பெயரின் முதலெழுத்தைக் கீறிவைத்தாராம். இடுப்பளவு உயரத்தில் என்றார். பிறகு, அந்நாளைய தம் இடுப்பளவு என்று குனிந்து பார்த்தார். கீறல்கள் பல இருந்தன, அவருடையது அகப்படவில்லை. அதன்பின் எத்தனையோ முறை சுண்ணம் பூசியிருப்பார்கள். கையால் அவ்விடத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, “இதையெல்லாம் நீங்கள் செய்யக்கூடாது” என்று பிள்ளைகளை அதட்டினார்.

அவர் சொன்னவற்றை எம் மாணவர் இருவர் அன்றே எழுதிவைத்தனர். அக்குறிப்பேடு சங்க அலுவலகத்தில் இருக்கிறது. நம் குடும்பங்களிற் பழைய பாகப் பத்திரமோ, தீர்ப்பு நகலோ, இடிந்துபோன வீட்டின் ஒளிப்படமோ வைத்திருப்போர் அடுத்த சித்திரைக்குள் கொண்டுவந்து காட்டினால், படியெடுத்துக்கொண்டு மூலத்தை உரியவர் கையிலேயே திருப்பித் தருவோம். செப்பேடு வைத்திருப்போரும் வரலாம்.